வெற்று அடைப்புக்குறி போதுமா?

சுட்டி:
சி மொழி நிரலை இயங்கு வடிவுக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசி 15க்கு மாறியதும் என் பழைய பில் போடும் நிரல் படுத்துவிட்டது. கோப்பின் தலையில் ‘டபுள் தள்ளுபடி();’ என்று அறிவித்திருக்கிறேன் (டபுள் என்பது தசம எண் வகை); செயற்கூறு (function) வேறொரு கோப்பில் இருக்கிறது. அழைக்கும் வரியில் மதிப்புகள் அதிகம் என்று பிழை வருகிறது. பத்து ஆண்டு ஓடிய நிரல் இது. ஓடுகிற வண்டியை மறித்து ஆர்சி புத்தகம் கேட்பதுபோல் இருக்கிறது.

அரைப்புள்ளி:
கேட்க வேண்டியதுதான். பழைய சி-யில் வெற்று அடைப்புக்குறி அளபுருக்களை, அதாவது செயற்கூறு வாங்கும் மதிப்புகளை, பற்றி எதுவும் சொல்லாது. சி மொழியின் புதிய தரமான சி23-இல் அளபுருவே கிடையாது என்று பொருள். ஜிசிசி 15 இயல்பாகவே சி23-ஐ எடுத்துக்கொள்கிறது.

நேற்றுவரை உங்கள் நிரல் சரியாக இருந்தது என்பதே சந்தேகம். பழைய தரத்தில் தள்ளுபடி(5) என்று அழைத்துப் பாருங்கள். 64 பிட் லினக்ஸில் முழு எண் பொதுப் பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) போகும். செயற்கூறோ டபுளை எதிர்பார்த்து தசம எண்களுக்கான மிதவைப் பதிவகத்தைத் திறக்கும். அங்கே முன்பு யார் விட்டுப்போன எச்சம் கிடக்கிறதோ, அதுதான் உங்கள் தள்ளுபடி.

சுட்டி:
நான் எப்போதும் 5.0 என்றுதான் எழுதுவேன். கைப்பழக்கம்.

அரைப்புள்ளி:
அளபுரு ஃபுளோட்டாக (டபுளில் பாதி அளவுள்ள தசம எண் வகை) இருந்தால் கைப்பழக்கமும் காப்பாற்றாது. முன்வடிவு (அளபுரு வகைகளையும் சொல்லும் அறிவிப்பு) இல்லாத அழைப்பில் ஃபுளோட் டபுளாக உயர்த்தப்பட்டே போகும். 2.5-ஐ அனுப்புங்கள். டபுள் வடிவில் அதன் கீழ் 32 பிட்டும் சுழியம். செயற்கூறு அந்தப் பாதியைத்தான் படிக்கும். தனித்தனிக் கோப்பு என்பதால் கம்பைலர் வாய் திறக்காது. தொகுத்த கோப்புகளை இணைக்கும் லிங்கர் பெயரை மட்டும் பார்த்து முடிச்சுப் போட்டுவிடும்.

பழைய ஏடு:
சுட்டி பக்கமும் நியாயம் உண்டு. வெவ்வேறு அளபுரு கொண்ட செயற்கூறுகளை வெற்று அடைப்புக்குறிச் சுட்டிகளாக (pointer, செயற்கூற்றின் முகவரியை வைப்பவை) ஒரே அட்டவணையில் வைத்திருக்கிறோம். சி23 அதன் கழுத்தில் கத்தி வைத்துவிட்டது. முந்தைய சி17 தரத்திலேயே தொகுக்கச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம்.

அரைப்புள்ளி:
அட்டவணையில் ஏதாவது ஒரு செயற்கூற்றுச் சுட்டி வகையாக வைத்து, அழைக்கும் இடத்தில் உரிய வகைக்கு மாற்றினால் எந்தத் தரமும் தடுக்காது. எழுத்து வேலை கூடும், மறுக்கவில்லை.

சுட்டி:
சி17-இல் 2.5 சோதனையைச் செய்தேன். 0 தான் வந்தது. முன்வடிவைத் தலைப்புக் கோப்பில் எழுதி எல்லாக் கோப்பிலும் சேர்த்தேன். வரி கணக்கிடும் இடத்தில் இரண்டு மதிப்பு தர வேண்டியதற்கு ஒன்றுதான் தந்திருக்கிறேனாம். இத்தனை நாள் அது எந்த வரியைப் போட்டதோ! அட்டவணை விஷயத்தில் மட்டும் நான் பழைய ஏட்டின் கட்சி.