தசமபாகத்தை இனி எங்கே கொடுப்பது?

சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களிடம் ஒரு உதவி. நான் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். இப்போது கடவுள் நம்பிக்கை இல்லை, சபைக்குப் போவதும் இல்லை. (என்னை மீட்கவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். இரண்டுக்கும் ஏற்கெனவே ஆள் உண்டு.)

சம்பளம் வந்ததும் பத்தில் ஒரு பங்கை எடுத்துக் காணிக்கைக் கவரில் போட்டு, அம்மா அதன்மேல் பெயர் எழுதி வைக்கும் வீடு எங்களுடையது. நம்பிக்கை போனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏற்காட்டில் காபி, மிளகுத் தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணம், பஸ் செலவு என்று மாதாமாதம் கொடுக்க வழி உண்டா? மதம் பார்க்காத, ஒழுங்காக ரசீது தருகிற அமைப்பாக இருந்தால் நல்லது. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் புதிய வரி முறையில் இருப்பதால் அந்தக் கழிவு எனக்குக் கிடைக்காது.

அப்புறம், பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. சபையில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் மதியத்துக்குள் சோறு, ரசம், ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் எல்லாம் வந்துவிடும். வெளியே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. 1944-ல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய ஊர் இது, நாத்திகர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூட்டம் என்றாலே மேடை, மைக். பிரசங்கத்திலிருந்து எழுந்து வந்தவனுக்கு இன்னொரு பிரசங்கம் எதற்கு?

அரசு மருத்துவமனையில் துணையில்லாத நோயாளிகளைக் கவனிக்கிறவர்கள், ரத்ததானக் குழு, மாலை நேர ட்யூஷன், எதுவானாலும் சொல்லுங்கள். நன்றாகச் சமைப்பேன், கணக்கு சொல்லித் தருவேன், வண்டி இருக்கிறது.