நம்ம குடும்பம், கொழிஞ்சாம்பாறை: கடைக் கம்ப்யூட்டரை அணைத்தது யார்?

வெள்ளி, காலை

பெரியப்பா: [படம்] எல்லாரும் இதைப் பாருங்க. கடைக் கம்ப்யூட்டர் ஒன்பது நாளாக நிற்காமல் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரே காட்டுகிறது. தினமும் அணைத்துவிட்டுத்தான் போகிறேன் என்று கடையில் வேலை செய்யும் பையன் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பெரியப்பா: அதோடு மூன்று தடவை பில்லிங் ஃபைல் கெட்டுப்போய்க் கிடந்தது. சுவிட்சைப் பட்டென்று அணைத்தால்தான் அப்படி ஆகுமாம். மாதக் கடைசியில் கணக்கு முடித்து அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.

சித்தி: மாமா, அவசரப்படாதீங்க. வேலந்தாவளத்திலிருந்து மழையிலும் சைக்கிள் மிதித்து வருகிற பையன்.

நான்: பெரியப்பா, அவனிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லையே? தயவுசெய்து கேட்க வேண்டாம். அந்த ஒன்பது நாள் கணக்கை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாதுங்க.

நான்: 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள். ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் அடிப்படைப் பகுதியை டிஸ்கில் அப்படியே எழுதி வைத்துவிட்டு அணையும். மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். அதனால் அந்த மணிக்கணக்கு முதலிலிருந்து தொடங்காது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் தொடங்கும்.

பெரியப்பா: அப்ப அணைத்தானா இல்லையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

நான்: அதற்குக் கம்ப்யூட்டரே குறிப்பு எழுதி வைத்திருக்கும். தம்பி, கடையில்தானே இருக்கிறாய்? ஸ்டார்ட்டில் ஈவன்ட் வியூவர் என்று தேடித் திற. விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலது பக்கம் ஃபில்டர் கரண்ட் லாக். ஐடி கேட்கும் இடத்தில் 27, 41, 1074, 6005, 6006, 6008 என்று கமா போட்டு அடித்து, வருவதைப் படம் பிடித்து அனுப்பு. ஒவ்வொரு எண்ணும் ஒரு வகைக் குறிப்பு.

தம்பி: [படம்] [படம்] அண்ணா, 6006 ரொம்பக் குறைவாகத்தான் இருக்கிறது. அணைத்தால் அதுதானே வர வேண்டும்?

நான்: இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். 6005 என்றால் லாக்கை, அதாவது அந்தக் குறிப்புகளை, பின்னணியில் எழுதும் சர்வீஸ் தொடங்கியது, 6006 என்றால் அது முறையாக நின்றது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் அந்த சர்வீஸ் நிற்பதே இல்லை, அதனால் இரண்டும் வராது. நீ 1074-ஐப் பார். யார் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு அணைக்கச் சொன்னார்கள் என்று அதில் இருக்கும்.

தம்பி: இருக்கிறது! இந்த ஒன்பது நாளில் கடை திறந்த நாளெல்லாம் ராத்திரி எட்டேகால், எட்டரைக்கு ஒன்று. 'பவர் ஆஃப்' என்றே போட்டிருக்கிறது. ஆனால் காரணத்தில் 'அதர், அன்பிளான்ட்', திட்டமிடாதது என்று வருகிறதே?

நான்: மெனுவில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தாலே அப்படித்தான் எழுதும். காலையில் எப்படித் தொடங்கியது என்று 27-இல் இருக்கும், அது என்ன சொல்கிறது?

தம்பி: பூட் டைப் 0x1.

நான்: அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். ராத்திரி அணைத்து, காலையில் போட்டிருக்கிறான். பெரியப்பா, பையன் சொன்னது நிஜம்.

பெரியப்பா: சரி. கெட்டுப்போன ஃபைலுக்கு என்ன சொல்கிறாய்?

நான்: அதற்கு 6008, முறையாக அணையாமல் நின்றுபோனதைச் சொல்வது. தம்பி, கடைசி 6008-ஐத் திறந்து உள்ளே இருக்கும் வரியைப் படி. வெளியே தெரியும் நேரம் மறுபடி ஆன் செய்தபோது எழுதியது. நின்றுபோன நேரம் வரிக்குள் இருக்கும், அதுவும் ஏறக்குறையத்தான்.

தம்பி: வெளியே போன வாரம் புதன் காலை 8.58. உள்ளே செவ்வாய் சாயங்காலம் 6.47.

நான்: புதன் காலையில் முழுதாக பூட் ஆனதிலிருந்துதான் பெரியப்பா பார்த்த ஒன்பது நாள் ஓடுகிறது. பக்கத்தில் அதே திடீர் நிறுத்தத்துக்கு 41 இருக்கும். டீட்டெயில்ஸில் பக்செக் கோடு, பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப் இரண்டும் எவ்வளவு?

தம்பி: இரண்டும் 0. மற்ற இரண்டு தடவையும் 0. அவையும் சாயங்காலம் ஆறரை, ஏழு மணி.

நான்: விண்டோஸ் கோளாறாகி நீலத்திரை வந்து நின்றிருந்தால் பக்செக்கில் எண் இருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் மற்றதில் இருக்கும். இரண்டும் 0 என்றால் பெரும்பாலும் திடீரென்று கரண்ட் நின்றிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் லாக் இப்படியேதான் இருக்கும், அதை மறைக்கக் கூடாது. அந்தச் செவ்வாய் சாயங்காலம் கடைப்பக்கம் யார் இருந்தீர்கள்?

சித்தி: நான் இருந்தேன் கண்ணு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்து, கரண்ட் போய்த் தெருவே இருட்டாகிவிட்டது. தையல் மெஷினை மூடிவிட்டு வெளியே வந்தேன். பையன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தவிட்டு மூட்டைக்கு நோட்டில் பில் எழுதிக்கொண்டிருந்தான். கரண்ட் வரவே எட்டரை ஆயிற்று.

பெரியப்பா: யூபிஎஸ் இருக்கிறதே, அது தாங்க வேண்டாமா?

தம்பி: அப்பா, அது பல நாளாகக் கத்திக்கொண்டே இருக்கிறது. சத்தம் தாங்காமல் நீங்கள்தான் அதன் மேல் சாக்கைப் போட்டு மூடினீர்கள்.

நான்: முதலில் சாக்கை எடு, தீப்பிடிக்கும். மதியம் கூட்டம் இல்லாதபோது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, யூபிஎஸ்ஸில் ஒரு டேபிள் விளக்கைச் செருகி, சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துப் பார். விளக்கு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது.

தம்பி: பார்த்துவிட்டேன் அண்ணா. கண் சிமிட்டுகிற நேரம்கூட எரியவில்லை. பேட்டரி மேல் 12 வோல்ட், 7 ஏஎச் என்று இருக்கிறது.

பெரியப்பா: சித்தூர் போகும்போது புதுசு வாங்கி வருகிறேன். பையனிடம் நானே பேசுகிறேன்.

சித்தி: அவன் கைக்காசு போட்டு வாங்கிய டார்ச்சுக்கும் சேர்த்துக் கொடுங்க மாமா.

நான்: தம்பி, சிஸ்டம் லாக்கை 'சேவ் ஆல் ஈவன்ட்ஸ்' கொடுத்து பென் டிரைவில் எடுத்து வை. வழக்கமாக 20 எம்பி நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு எழுத ஆரம்பித்துவிடும். பேட்டரி மாற்றிய பிறகு சாயங்காலம் கரண்ட் போனால் அன்றைக்கு 41 வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்.

தம்பி: 👍