புதுப்பிப்பு: சரவுண்ட் பிராசஸர் இரைச்சல் தீர்ந்தது

படத்தின் ஒலியைச் சுற்றியுள்ள ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் புது சரவுண்ட் பிராசஸரை மாட்டியதிலிருந்து ஸ்பீக்கர்களில் ஓயாமல் 'ம்ம்ம்' என்று இரைகிறது என எழுதியிருந்தேன். திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள் பலர். நல்லவேளை, கொடுக்கவில்லை.

சத்துவாச்சாரி வீட்டில் ஞாயிறு முழுக்க ஒவ்வொரு வயராகக் கழற்றினேன். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைப் பிடுங்கியதும் இரைச்சல் சட்டென அடங்கியது! பிளக், கேபிள் என எர்த் இரண்டு வழியாகப் போய் வளையமானதால், வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஸ்பீக்கரில் கேட்ட தொல்லை அது. அந்த வயரில், சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஐசொலேட்டர் மாட்டினேன், சரியாகிவிட்டது. இதற்காகப் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அப்புறம், கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலி சப்வூஃபர் என்ற பேஸ் ஸ்பீக்கருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். வசனம் வரும் சென்டர் ஸ்பீக்கரைக் காதுப் பக்கம் சாய்த்து வைத்தேன். "இப்பதான்டா வசனம் புரியுது" என்றார் அம்மா. பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன்.