சுர்மாக் கல்லை எடை போட்ட கதை

ஈசூன்வாசி:
மகள் பிறந்து நாற்பது நாள் ஆனதும், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கண்ணுக்கு மை இட வேண்டும், அஞ்சனக்கல் (சுர்மாக் கல் என்பதும் இதுதான்) வாங்கி வா என்றார். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. “சுத்தமான ஆன்டிமணி சார்” என்று கடைக்காரர் சத்தியமே செய்தார்.

கையில் வாங்கியதும் உறுத்தியது அதன் கனம்தான். அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமணி சல்ஃபைடு, பெரும்பாலும் ஊசி ஊசியாகப் படிகமாகும். இதுவோ உடைந்த ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி சதுரம் சதுரமாக மின்னியது. ஈய சல்ஃபைடான கலேனா இப்படித்தான் உடையும். சூடு காட்டியும் பார்க்கலாம். அஞ்சனக்கல் சுமார் 550 டிகிரியில் உருகிவிடும், கலேனாவுக்கு 1,100க்கு மேல் வேண்டும். நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கந்தகப் புகை கிளப்ப எனக்கென்ன பைத்தியமா?

சமையலறைத் தராசை எடுத்தேன். கல் 53 கிராம். பாதி தண்ணீர் ஊற்றிய டம்ளரைத் தராசில் வைத்து, தராசின் அளவைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுசாக முக்கினேன். தராசு காட்டியது 7. கல் ஒதுக்கிய தண்ணீர் 7 கிராம், அதாவது கல்லின் கன அளவு 7 மில்லி. 53ஐ 7ஆல் வகுத்தால் அடர்த்தி ஏறக்குறைய 7.6. அஞ்சனக்கல்லுக்கு 4.6தான் வர வேண்டும், கலேனாவுக்கு 7.5. ஈயக் கல்லேதான்! இரண்டு தடவை மறுபடி பார்த்தேன், அதே 7.

“எங்க பாட்டி காலத்திலேருந்து வைக்கிறோம், உன் கண்ணு என்ன கெட்டா போச்சு?” என்றார் அம்மா. ஈயத்தால் கேடு கண்ணுக்கு இல்லம்மா, மூளைக்கு என்றேன். அன்று இரவு வரை பேச்சில்லை.

ஜூரோங் கெமிஸ்ட்:
சபாஷ். கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குத் தெரியும்: கரைசலில் ஹைட்ரஜன் சல்ஃபைடு (அழுகின முட்டை நாற்றமடிக்கும் வாயு) செலுத்தினால் ஆன்டிமணி ஆரஞ்சாக விழும், ஈயம் கறுப்பாக. ஒருமுறை ஆன்டிமணி குளோரைடு இருந்த குழாயைத் தண்ணீரில் அலசினேன், உள்ளே பால் கொட்டின மாதிரி வெளுத்துவிட்டது. டார்டாரிக் அமிலம் விட்டதும் தெளிந்தது. நம் புளியில் இருக்கிறதே, அதே அமிலம்தான்.

ஒன்று மட்டும்: கல்லை அமிலத்தில் போட்டுப் பார்க்கலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். இந்த இரண்டில் எந்தக் கல்லானாலும் கிளம்புவது அந்த அழுகின முட்டை வாயுதான், அது ஆளைக் கொல்லும்.

ஈசூன்வாசி:
போடவில்லை ஐயா. கல்லைப் பாட்டிலில் போட்டு அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். தராசைச் சோப்புப் போட்டுத் துடைத்தாயிற்று. அம்மா இப்போது விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, குழந்தையின் உள்ளங்காலில் மட்டும் பொட்டு வைக்கிறார்.