கொட்டகுடி – டாப் ஸ்டேஷன் பழைய டீ ரூட் தெரிஞ்சவங்க ஹெல்ப் பண்ணுங்க

வணக்கம் மக்களே, நாங்க தண்டையார்பேட்ட பசங்க, பொங்கல் லீவுல போடி பக்கம் கொட்டகுடி போலாம்னு இருக்கோம், சென்ட்ரல்லயே போடி ட்ரெயின் ஏறிடுவோம் அதுல பிரச்சன இல்ல. அருவி செல்ஃபிலாம் வேணாம், மூணாறு டீ கீழ எறங்குன அந்த பழைய ரூட்ட பாக்கணும். மூணாறுல இருந்து மலை மேல இருக்குற டாப் ஸ்டேஷன்ங்கிற ஊரு வரைக்கும் குட்டி ரயிலு, அங்கேந்து ரோப்வேல கீழ கொட்டகுடி, அப்புறம் வண்டில போடி. 1924 வெள்ளத்துல ரயிலு மொத்தமா போச்சு. ஹார்பர் கிரேன பாத்து வளந்தவனுக்கு, அந்தக் காலத்துலயே மலைல கம்பி கட்டி சரக்கு எறக்குனாங்கன்னா பாக்காம இருக்க முடியுமா.

ரோப்வே தூண், கட்டடம் எதுனா மிச்சம் இருக்கா? நடுவுல சென்ட்ரல் ஸ்டேஷன்னு ஒரு சின்ன ஊரு (நம்ம சென்ட்ரல் இல்லபா), அங்க ராத்திரி தங்க விடுவாங்களா? ட்ரெக்கிங் போனவங்க செத்துப்போன அந்த 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீக்கு அப்புறம் ஃபாரஸ்ட் பர்மிஷன் இல்லாம ஏற மாட்டோம், திருட்டுத்தனமா கூட்டிட்டு போறேன்றவங்க தயவுசெஞ்சு இன்பாக்ஸ் வராதீங்க. சமீபத்துல போய்ட்டு வந்தவங்க பர்மிஷன் எங்க வாங்குனீங்க, ஜீப்புக்கு எவ்ளோ ஆச்சுன்னு சொல்லுங்க. அம்மா இன்னும் அந்த நியூஸ மறக்கல, பர்மிஷன் பேப்பர காட்டுனாதான் விடுவாங்க.