பழைய துணி விற்ற காசில் எய்ட்ஸை எதிர்க்க முடியுமா?

கோவைக்காரன்:
எங்கள் பக்கத்துச் சர்ச் ஹாலில் வரும் சனிக்கிழமை துணி விற்பனை. ஸ்டீஃபன் லூயிஸ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்துக்காகக் கனடாப் பாட்டிமார் 2006 முதல் நிதி திரட்டுகிறார்களே, அந்த வகை. ஆப்பிரிக்காவில் பிள்ளைகளை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பேரக்குழந்தைகளை வளர்க்கும் பாட்டிகளுக்குப் பணம் போகிறது. நோக்கத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் வெளிநாடுகளில் எய்ட்ஸை எதிர்க்க அமெரிக்கா நடத்தும் பெப்ஃபார் திட்டம் மட்டும் 2003 முதல் 100 பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அந்த நேரத்தில் எம்.பி.க்கு ஒரு கடிதம் போடலாமே?

வடலி:
தம்பி, அந்த மேசையில் நிற்கிற ஆள் நான். தைக்கலாம் என்று வாங்கி அலுமாரியில் மறந்துபோன துணியைச் சனம் மூட்டையாகக் கொண்டுவந்து தரும். அளந்து, மடித்து, விலைச்சீட்டைக் குண்டூசியால் குத்தி வைப்போம். எங்கடை ஆட்கள் தந்த பட்டுச் சேலைக்குத்தான் பெரிய போட்டி, திரைச்சீலை தைக்கவாம்! மண்டபம் இலவசம், தேத்தண்ணி வீட்டிலிருந்து. இந்தக் காசு மாத்திரைக்குப் போவதில்லை. மாத்திரை கிளினிக்கில் சும்மா கிடைக்கும். கிளினிக் போக பஸ் காசு? வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் சாப்பாடு? பேரனுக்குச் சீருடை? பெரிய திட்டங்களின் கண்ணில் படாத செலவு இதெல்லாம்.

கோவைக்காரன்:
சரி அக்கா. ஆனால் இந்த மருந்தை ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட வேண்டும். ஒரு வருடம் விற்பனை படுத்தால் பஸ் காசு யார் தருவது? ஒரு நோயாளிக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் இருந்த மருந்தை 2001-இல் 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னது நம்மூர் மருந்துக் கம்பெனி சிப்லா. நிதி திரட்டும் எந்த நடைபயணமும் அதைச் செய்யவில்லை.

மாத்திரைக்கடை:
விலை தானாக இறங்கியதா என்ன? அதே 2001-இல் மலிவு மருந்துக்கு வழிவிட்ட தென்னாப்பிரிக்க அரசின் சட்டத்துக்கு எதிராக 39 மருந்துக் கம்பெனிகள் போட்ட வழக்கு, சனங்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் வாபஸ் ஆனது. அப்புறம் உங்கள் எம்.பி. கடிதம். மலிவு மருந்தை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யக் கனடா 2004-இல் சட்டம் போட்டது. சிக்கல் அதிகம் என்பதால் ஒரே முறைதான் பயன்பட்டது, கனடாக் கம்பெனி அபோடெக்ஸ் 2008-இல் ருவாண்டாவுக்கு அனுப்பிய மருந்துக்கு. அதை எளிதாக்க சி-393 மசோதா வந்தது. இதே பாட்டிமார் ஒட்டாவா வரை போய் ஆதரவு கேட்டார்கள். 2011 மார்ச்சில் மக்களவையில் ஜெயித்தது, செனட்டில் முடங்கியது, தேர்தல் வந்ததும் செத்தது.

கோவைக்காரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். அந்தச் சட்டம் ஒன்று நிறைவேறியிருந்தால் ஆயிரம் துணி விற்பனைக்குச் சமம். விட்டிருக்கக் கூடாது.

வடலி:
ஒட்டாவா போனவர்கள் ஒருவரையொருவர் எங்கே சந்தித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? இப்படிப்பட்ட மேசைகளில்தான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்ததும் எத்தனை கிளினிக் மூடியது! பெரிய காசு ஒரு கையெழுத்தில் நின்றுபோகும்.

கோவைக்காரன்:
நின்றபோது உங்கள் துணி அந்த ஓட்டையை அடைத்ததா?

மாத்திரைக்கடை:
அடைக்காது, அடைப்பதாக யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். நட்சத்திர ஹோட்டலில் விருந்து வைத்து நிதி திரட்டுகிறார்களே, அங்கே போய்க் கேளுங்கள் இந்தக் கேள்வியை. பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்கு கனடா வருமான வரித்துறைத் தளத்தில் இருக்கிறது. நன்கொடைக்கு முன் ஐந்து நிமிடம் பார்த்தால் போதும்.

கோவைக்காரன்:
பார்க்கிறேன். இன்னொன்று. அங்கே நிற்பவர்கள் எல்லாருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும் போலிருக்கிறது. அவர்களுக்குப் பிறகு?

வடலி:
அந்தக் கவலை எங்களுக்கும் இருக்கு. இளசுகள் போனிலேயே பத்து டாலர் அனுப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள், மூட்டை தூக்க ஆளில்லை. சனி காலை எட்டு மணிக்கு வேன் வரும். வாருங்கள், எம்.பி. விஷயத்தை மூட்டை இறக்கிக்கொண்டே கதைக்கலாம்.