தென்னாப்பிரிக்கா டர்பன்ல அவுட்பில்டிங் டெபாசிட்: 7 நாளா 14 நாளா?

சாட்ஸ்வர்த் அண்ணன்: நேத்து ஒருத்தன் எழுதுறான், வீட்டுக்குப் பின்னாடி அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விடுறவனெல்லாம் லைசென்ஸ் எடுக்கணுமாம், முனிசிபாலிட்டிக்காரன் வந்து சுவத்த தட்டிப் பாக்கணுமாம், ஆளு காலி பண்ணினதும் டெபாசிட்ட 7 நாள்ல திருப்பிக் குடுக்கலன்னா நாங்க திருடனுங்களாம். 7 நாளுன்னு எவன் சொன்னான்? 14 நாள்.

ஃபீனிக்ஸ் தம்பி: நான்தான்ணே அந்த ஒருத்தன். 1999 வாடகை வீட்டுச் சட்டம், 5ஆம் பிரிவு. பாக்கி, உடைசல் ஒண்ணும் இல்லன்னா 7 நாள்ல, வட்டியோட. ரிப்பேர் செலவப் புடிச்சாதான் 14.

சாட்ஸ்வர்த் அண்ணன்: 14ன்னு நீயே எழுதிட்டியே! உடைக்காம காலி பண்ற வாடகைக்காரன் எவன்டா இருக்கான்? அப்போ எப்பவுமே 14தான்.

டோங்காட் அக்கா: நாள் கணக்கு கிடக்கட்டும். என் ரூம்ல சுவரெல்லாம் பூஞ்சை, புள்ளைக்கு ராத்திரி பூரா இருமல். ஓனர்கிட்ட சொன்னா ஜன்னல திறந்து வைம்மாங்கறாரு. அந்த ரூமுக்கு ஜன்னலே இல்ல!

சாட்ஸ்வர்த் அண்ணன்: நான் சொந்தக் காசுல பெயிண்ட் அடிச்சுக் குடுத்தவன். 2022 ஏப்ரல் வெள்ளத்துல கூரை ஒழுகுச்சே, எந்த அரசாங்கம் வந்து ஓடு மாத்துச்சு? வாடகையே தராதவன வெளிய அனுப்பவும் கோர்ட் ஆர்டர் வேணும், 1998லயே அதுக்கும் சட்டம் போட்டுட்டான். எங்களுக்கு மட்டும்தான் ரூல்ஸ், அவனுக்கு ஒண்ணுமில்ல.

ஃபீனிக்ஸ் தம்பி: பெயிண்டாண்ணே? என் பழைய ஓனரும் பெயிண்டுன்னு சொல்லித்தான் டெபாசிட்ட அமுக்கினாரு. காலி பண்ணும்போது ரெண்டு பேரும் சேர்ந்து வீட்ட பாக்கணும், ஓனர் கூட நின்னு பாக்கலன்னா வீடு நல்லாத்தான் இருக்குன்னு அவரே ஒத்துக்கிட்ட மாதிரி. ரசீதும் காட்டணும். எனக்கு ரசீதும் இல்ல வட்டியும் இல்ல.

சாட்ஸ்வர்த் அண்ணன்: வட்டிய பத்தி நீ பேசாத. போன காவடிக்கு உங்கப்பா என் பக்கிய, அதான் பிக்கப் வண்டிய, வாங்கிட்டுப் போயி டீசல் டேங்க காலியா கொண்டுவந்து விட்டாரே, அதுக்கு எத்தன வட்டி?

ஃபீனிக்ஸ் தம்பி: அது கோயில் சாமான் ஏத்துன வண்டி!

மெர்பேங்க் மாமா: கோயில இழுக்காதீங்கப்பா. வாடகைத் தகராற விசாரிக்க ட்ரிப்யூனல் இருக்கு, காசு கேக்க மாட்டான், போயி எழுதிக் குடுங்க.

சாட்ஸ்வர்த் அண்ணன்: மாமா, போன கமிட்டி எலெக்‌ஷன்ல நீங்க யாருக்குக் கை தூக்கினீங்கன்னு தெரியும், நீங்க பஞ்சாயத்து பண்ண வேணாம்.

டோங்காட் அக்கா: என் பூஞ்சைக்கு ஒருத்தரும் பதில் சொல்லலியே?

சாட்ஸ்வர்த் அண்ணன்: தங்கச்சி, துணிய உள்ள காயப் போட்டா பூஞ்சை வரும். தம்பி, 14 நாள். டீசல் காசு 400 ரேண்ட்.